ஆசனத்தின் பெயரும் வயதும்

ஜூன் 21 நெருங்கினால் ஆசனப் பெயர்ப் பட்டியல்கள் கைக்குக் கை மாறத் தொடங்கிவிடும். 2015-இல் சர்வதேச யோகா தினம் வந்தபின் இது வழக்கமாகவே ஆகிவிட்டது. பள்ளிப் பிள்ளைகள் தாடாசனம், விருட்சாசனம், திரிகோணாசனம் என்று ஒப்பிக்கிறார்கள். ஆசிரியர் பயிற்சி வகுப்புகளிலும் பெயரையும் பொருளையும் மனப்பாடம் செய்வதற்குத்தான் முதல் மரியாதை. ஏன் சமஸ்கிருதத்திலேயே சொல்ல வேண்டும் என்று யாராவது கேட்டால், பதில் தயாராக இருக்கிறது: ரிஷிகள் வைத்த பெயர்கள் இவை, பல்லாயிரம் ஆண்டுகளாக இப்படியே வருகின்றன, மாற்றினால் மரபு அறுந்துவிடும். இந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை.

பெயர்களால் பயன் உண்டு என்பதில் எனக்குத் தகராறு இல்லை. புஜங்காசனம் என்றால் சென்னையிலும் பெர்லினிலும் குப்புறப் படுத்து மார்பை உயர்த்துகிறார்கள். பி.கே.எஸ். ஐயங்கார் 1966-இல் படங்களோடு வெளியிட்ட நூல் இந்தப் பொதுமைக்குப் பெருங்காரணம். அர்த்த, பரிவிருத்த, அதோமுக, ஊர்த்துவமுக என்ற முன்னொட்டுகள் பிடிபட்டுவிட்டால், புதிய ஆசனம் ஒன்றின் பாதி வடிவம் பெயரிலேயே தெரிந்துவிடும். அந்த அளவில் நல்ல கலைச்சொற்கள்தாம்.

ஆனால் பெயரைப் பிறப்புச் சான்றிதழாகக் காட்டும்போதுதான் சிக்கல். பதஞ்சலியின் யோக சூத்திரம் இருநூறுக்குச் சற்றுக் குறைவான சூத்திரங்கள் கொண்டது. அவற்றில் ஆசனத்தை நேராக விளக்குபவை மூன்றே. அந்த மூன்றிலும் ஓர் ஆசனத்தின் பெயர்கூடக் கிடையாது. வியாசர் பெயரில் வழங்கும் உரையில்தான் பத்மாசனம், வீராசனம் முதலிய சில பெயர்கள் வருகின்றன. திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் பத்திரம், கோமுகம், பங்கயம், வீரம், சுகாதனம் என விரல்விட்டு எண்ணும்படியே சொல்கிறார். பெரும்பாலும் தியானத்துக்கு அமரும் இருக்கைகள் இவை. 15-ஆம் நூற்றாண்டின் ஹடயோகப் பிரதீபிகை விளக்குபவை 15 ஆசனங்கள். பின்னால் வந்த கேரண்ட சம்ஹிதை 32. இன்று எந்த வகுப்பிலும் தவறாத திரிகோணாசனமும் வீரபத்ராசனமும் இந்த இரண்டு நூல்களிலும் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. பெயர் பழையதாக இருந்தாலும், அது குறிக்கும் நிலை மாறியிருக்கலாம். இன்று உஷ்ட்ராசனம் என்றால் முழங்காலிட்டு நின்று, பின்னால் வளைந்து, குதிகால்களைப் பிடிப்பது. கேரண்ட சம்ஹிதையின் உஷ்ட்ராசனத்தில் ஆள் குப்புறப் படுத்திருக்கிறார்; கால்களை மடக்கி முதுகுப் பக்கம் கொண்டுவந்து கையால் பிடிக்கிறார். ஹடயோகப் பிரதீபிகையின் தனுராசனத்தில் கால் பெருவிரலைப் பற்றி, நாண் இழுப்பதுபோலக் காதுவரை இழுக்க வேண்டும். இன்றைய தனுராசனமோ வயிற்றை ஊன்றி உடலையே வில்லாக வளைப்பது. எது அறுபடாமல் வந்த மரபு? பட்டியலை அச்சிடுபவர்கள் இந்த நூல்களைப் புரட்டிப் பார்த்திருந்தால், 'இப்படியே வருகின்றன' என்று எழுதக் கை வந்திருக்காது.

சுவடியில் இல்லாதது குருவின் வாய்வழி வந்திருக்கலாம் என்பார்கள். சிலவற்றுக்கு அது பொருந்தக்கூடும். மைசூர் அரண்மனைக்காக 19-ஆம் நூற்றாண்டில் உருவான ஸ்ரீதத்துவநிதி என்ற நூலில் 122 ஆசனங்களுக்குப் படம் இருக்கிறது. கயிற்றைப் பிடித்துச் செய்பவையும் அவற்றில் உண்டு. பயிற்சி காலந்தோறும் வளர்ந்தது என்பதற்குத்தான் அது சாட்சி. அதே மைசூரில், 1930-களில், யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் அரண்மனைச் சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் கற்பித்தபோதுதான் இன்று உலகம் சுற்றும் ஆசனத் தொடர்கள் பல உருப்பெற்றன. மல்லர்களின் தண்டாலும் அந்தக் காலத்து உடற்பயிற்சி ஆர்வமும் அந்தச் சூழலில் இருந்தன. சூரிய நமஸ்காரத்தை உடற்பயிற்சியாக ஊரெங்கும் பரப்பியவர்களில் முதன்மையானவர் மராட்டியப் பகுதியின் ஔந்து சமஸ்தான மன்னர், அது 1920-களில். நூறாண்டுக்குள் இந்த மண்ணில் நடந்த இவ்வளவு பெரிய ஆக்கத்தைச் செய்தவர்களின் பெயரைச் சொல்லாமல், முகம் தெரியாத ரிஷிகள் கணக்கில் எழுதுவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

இது வெறும் வரலாற்றுச் சண்டை என்றால் இவ்வளவு எழுத மாட்டேன். வகுப்புக்குள் நடப்பதைப் பாருங்கள். கால்களை அகட்டி, முன்காலை மடக்கி, கைகளை மேலே தூக்கி வீரபத்ராசனத்தில் நிற்கிறார் ஐம்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர். மாஸ்டர் தட்சன் யாகத்தையும், சிவனின் சடையிலிருந்து வீரபத்திரர் தோன்றியதையும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த அம்மாவின் முன்முழங்கால் மெல்ல உள்பக்கம் சாய்கிறது. பாரமெல்லாம் மூட்டில் இறங்குகிறது. பின்காலின் குதிகால் பாயைவிட்டு எழும்பிவிட்டது. அகட்டலைக் குறைத்து, சுவரைப் பிடித்து நிற்கச் சொல்லியிருக்கலாம். சொல்வதில்லை. ரிஷி வகுத்த நிலை என்று தாமே நம்புகிறவருக்கு அதில் கை வைக்கத் துணிவு வராது. 'வலியைத் தாங்குங்கள், தபஸ் அதுதான்' என்று இன்னொரு சமஸ்கிருதச் சொல் வந்து விழும். இளைஞர்களின் உடலுக்கு ஏற்ப அண்மைக் காலத்தில் வளர்ந்த பயிற்சி என்று தெரிந்திருந்தால், வேறோர் உடலுக்கு மாற்றுவதில் என்ன தயக்கம்? பழமை என்ற அந்த ஒரு சொல், கேள்வி கேட்க வேண்டிய மாணவரின் வாயையும் திருத்த வேண்டிய ஆசிரியரின் கையையும் ஒருசேரக் கட்டிப்போடுகிறது.

கிருஷ்ணமாச்சாரியார் அப்படிக் கட்டுண்டு கிடக்கவில்லை. சமஸ்கிருதத்தில் ஆழ்ந்த புலமை பெற்றவர், ஆசாரசீலர். 1950-களில் சென்னைக்கு வந்தபின், மைசூரில் துள்ளித் திரிந்த பிள்ளைகளுக்குக் கொடுத்ததை இங்கே தேடிவந்த நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் அப்படியே கொடுக்கவில்லை. ஆளை ஒவ்வொருவராகப் பார்த்து, வயதுக்கும் நோய்க்கும் தக்கபடி ஆசனத்தையும் மூச்சின் அளவையும் மாற்றினார். மகன் தேசிகாச்சார் 1976-இல் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரமும் அந்த வழியைத்தான் பிடித்தது. பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்க வருகிறவரிடம் ஐம்பது பெயர்களுக்குப் பொருள் கேட்பதற்குப் பதில், வீரபத்ராசனத்தை முழங்கால் தேய்ந்த ஒருவருக்கு எப்படி மாற்றிக் கொடுப்பீர்கள் என்று கேளுங்கள்.