மற்றும் பலர்: ஸ்டெஃபான் ஹைமின் ‘தாவீது மன்னன் அறிக்கை’

முதுகலைப் படிப்புக்காக 2004இல் கெம்னிட்ஸ் நகரத்துக்கு வந்தேன். ஊரின் நடுவில் கார்ல் மார்க்ஸின் தலை இருந்தது. உடலோ தோளோ கிடையாது. ஏழு மீட்டர் உயர வெண்கலத் தலை மட்டும், கல் பீடத்தின் மேல். சோவியத் சிற்பி லெவ் கெர்பெல் செய்தது. 1971இல் திறந்தபோது ஊரின் பெயர் கார்ல் மார்க்ஸ் நகர். 1990இல் மக்கள் வாக்களித்துப் பழைய பெயருக்குத் திரும்பினார்கள். பெயரை அழித்தவர்கள் தலையை எடுக்கவில்லை. அதன் படத்தை அப்பாவுக்கு அனுப்பினேன். கோவைப் பஞ்சாலை ஒன்றில் வேலை செய்தவர், தொழிற்சங்கத்துக்காரர். போனில், “பரவால்லையே கண்ணு, எடுக்காம விட்டு வெச்சிருக்காங்க” என்றார்.

அந்த ஊரில் பிறந்த எழுத்தாளர் ஒருவர் இருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இன்று அங்கே ஸ்டெஃபான் ஹைம் பெயரில் ஒரு சதுக்கம் இருக்கிறது. யூத வணிகக் குடும்பத்தில் 1913இல் ஹெல்முட் ஃப்ளீக் என்ற பெயரோடு பிறந்தார். இராணுவத்தை எதிர்த்து 1931இல் ஒரு கவிதை எழுதியதற்காகப் பள்ளியை விட்டு நீக்கப்பட்டார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் பிராகுக்குத் தப்பினார், அங்கிருந்து அமெரிக்கா. அமெரிக்க இராணுவச் சீருடையில் ஐரோப்பாவுக்குத் திரும்பி வந்து ஹிட்லரின் படைக்கு எதிராகப் போரிட்டார். கொரியப் போரை எதிர்த்துத் தன் பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, 1953இல் கிழக்கு ஜெர்மனிக்குக் குடிபெயர்ந்தார். அவராக விரும்பிப் போனார் என்பதை மறக்காமல்தான் அவருடைய நாவலை வாசிக்க வேண்டும்.

‘தாவீது மன்னன் அறிக்கை’யை ஹைம் முதலில் ஆங்கிலத்தில் எழுதினார், பிறகு தானே ஜெர்மனுக்குக் கொண்டுவந்தார். 1972இல் மியூனிக்கில் வெளிவந்தது. கிழக்கு ஜெர்மனியில் அச்சேற மறு ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கதை விவிலியக் காலத்தில் நடக்கிறது. தாவீது இறந்துவிட்டார், மகன் சாலொமோன் அரியணையில் இருக்கிறார். அரியணைக்கு வந்த வழியில் சந்தேகங்கள் உண்டு. ஆகவே தந்தையின் வாழ்க்கையைப் பற்றி ஒரே உண்மையான, அதிகாரபூர்வமான அறிக்கை ஒன்று வேண்டும். அதற்கு ஒரு குழு அமைக்கிறார். யோசபாத், சாதோக், நாத்தான், படைத்தலைவன் பெனாயா எல்லோரும் அதில் இருக்கிறார்கள். எழுதித் தொகுக்கும் வேலை ஏத்தான் என்ற வரலாற்று ஆசிரியனுக்கு. சம்பளம் சிறிய தீர்க்கதரிசிகளுக்குரிய விகிதத்தில். குழுவில் உட்காரலாம், வாக்கு கிடையாது.

ஏத்தான் ஆவணங்களைத் தேடுகிறான். சவுலின் மகளும் தாவீதின் முதல் மனைவியுமான மீகாளைக் கேட்கிறான், பழைய தளபதி யோவாபைக் கேட்கிறான். கேட்கக் கேட்க வேறொரு தாவீது எழுந்து வருகிறார். ஒடுக்கப்பட்டவர்களையும் கடன்பட்டவர்களையும் மனம் கசந்தவர்களையும் குகையில் கூட்டிப் படை அமைத்தவர். எதிரியான பெலிஸ்தரிடமும் கூலிக்கு வேலை பார்த்தவர். தன் வழியில் நின்ற எல்லோருக்கும் வசதியான நேரத்தில் மரணம் வாய்க்கப்பெற்றவர்.

இந்த நாவலைப் பற்றிப் பேசுகிறவர்கள் உடனே ஒரு சாவியை எடுத்து நீட்டுவார்கள். தாவீது என்றால் ஸ்டாலின், பெனாயா என்றால் இரகசியப் போலீஸ், யோவாபின் வாக்குமூலம் என்றால் மாஸ்கோ வழக்குகள். அந்தச் சாவி பொருந்தவே செய்கிறது. சித்திரவதைக்குப் பிறகு பேசும் யோவாபைப் படிக்கும்போது புகாரின் நினைவுக்கு வராமல் போகமாட்டார். ஆனால் சாவியைத் திருப்பியதும் கதவு திறந்து, உள்ளே ஸ்டாலின் மட்டும் உட்கார்ந்திருந்தால் அது நாவல் இல்லை, விடுகதை. விடை தெரிந்தபின் விடுகதையை யாரும் மறுபடி கேட்பதில்லை. இந்த நூல் அந்த ஆட்சி விழுந்த பிறகும் உயிரோடு இருக்கிறது. ஏன்?

ஹைம் எங்கே கைவைத்தார் என்று பார்த்தால் விளங்கும். அவர் கற்பனையாக ஒரு நாட்டைப் படைக்கவில்லை. ஏற்கெனவே புனிதமாகிவிட்ட ஒரு பிரதியை எடுத்து அதன் தையல்களைத் தடவிப் பார்த்தார். சாமுவேலின் முதல் நூலில் பதினாறாம் அதிகாரத்தில் தாவீது யாழ் வாசிப்பவராக சவுலிடம் வந்து, அவருடைய ஆயுததாரியும் ஆகிறார். அடுத்த அதிகாரத்திலேயே கோலியாத்தைக் கொல்கிறார். அப்போது சவுல், இந்தப் பிள்ளை யாருடைய மகன் என்று விசாரிக்கிறார். இரண்டாம் நூலின் எபிரேய மூலத்தில், கோலியாத்தைக் கொன்றவன் எல்க்கானான் என்று ஒரு வரி தப்பிக் கிடக்கிறது. பின்னால் எழுதப்பட்ட நாளாகமம் அதைத் திருத்தி, எல்க்கானான் கொன்றது கோலியாத்தின் தம்பியை என்று ஆக்குகிறது. என் தொழிலில் ஒரு நிரலில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற பதிவு எப்போதும் இருக்கும். புனித நூல்களில் அந்தப் பதிவு இருக்காது, தழும்பு இருக்கும்.

நாம் இன்று வாசிக்கும் விவிலியப் பகுதியே ஏத்தான் தொகுத்த அறிக்கைதான் என்பது ஹைமின் கற்பனை. நாவலின் வலுவே அதுதான். குழு வெட்டியது போக, ஏத்தான் ஒளித்து வைத்தது மிஞ்சியிருக்கிறது. உரியாவின் மரணமும் பத்சேபாளும் அந்த நூலில் ஏன் இன்னும் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு ஹைம் தரும் பதில் இது. உருவகம் தணிக்கை அதிகாரியை ஏமாற்றுவதற்கான முகமூடி என்று சொல்வது பாதி உண்மை. பெர்லின் அதிகாரிகள் முட்டாள்கள் இல்லை, அவர்களுக்கும் புரிந்திருக்கும். எந்த அதிகாரபூர்வ வரலாற்றையும் தையல் தேடி வாசிக்கும் பழக்கத்தை நமக்கு ஏற்றிவிடுவதுதான் இந்த உருவகம் செய்யும் வேலை.

தமிழில் இது புதிதல்ல. புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசனம்’ செய்ததும் இதையேதான். அகலிகைக்குச் சாபம் தீர்த்த இராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்ன செய்தி அகலிகையின் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். இரண்டும் இராமாயணத்தில் இருப்பவை. அவர் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார், அவ்வளவுதான்.

ஏத்தான் வீரன் இல்லை. அவனுக்கு இரண்டு மனைவியர், லிலித் என்ற காதலி, பிள்ளைகள், வீட்டுச் செலவு. பயப்படுகிறான், குழைகிறான். லிலித் கைநழுவி அரண்மனைக்குப் போவதைத் தடுக்க அவனால் முடியவில்லை. அவனுக்குச் சாதாரண நேர்மை இருக்கிறது, சாதாரணக் கோழைத்தனமும் இருக்கிறது. இதை வாசித்தபோது எனக்கு ஒரு மாலைப் பொழுது நினைவுக்கு வந்தது.

நான் பள்ளியில் படித்த 1990களில் அப்பாவின் சங்கம் ஒரு ஆண்டுமலர் கொண்டுவந்தது. தொகுக்கும் பொறுப்பு அப்பாவிடம். அச்சகத்துக்குப் பிழைதிருத்தத் தாள்களைக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. ஒரு பழைய வேலைநிறுத்தப் படத்தின் கீழே பெயர்கள் வரிசையாக இருந்தன. அப்பா ஐந்தாவது பெயரைப் பென்சிலால் அடித்தார். அந்த மனிதர் பின்னாளில் கட்சியை விட்டு ஒரு தீவிர இடதுசாரிக் குழுவுக்குப் போனவர். படத்தில் அவர் நின்றுகொண்டுதான் இருந்தார். வரியின் கடைசியில் அப்பா “மற்றும் பலர்” என்று எழுதினார். நான் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜெயமோகனின் ‘பின்தொடரும் நிழலின் குரல்’ (1999) இந்தப் பென்சில் கோட்டிலிருந்து தொடங்கும் நாவல் என்று சொல்லலாம். தொழிற்சங்கத் தலைவன் அருணாச்சலம், சங்கத்தின் வரலாற்றிலிருந்து அழிக்கப்பட்ட வீரபத்ரபிள்ளையைத் தேடிப் போகிறான், தேடல் புகாரின் வரைக்கும் நீள்கிறது. அதற்கு முன்பே, 1985இல், கோவிந்தனின் ‘புதியதோர் உலகம்’ வந்துவிட்டது. ஈழ இயக்கம் ஒன்றின் தமிழ்நாட்டுப் பயிற்சி முகாம்களில் தோழர்களே தோழர்களைச் சித்திரவதை செய்ததையும் கொன்றதையும், அந்த இயக்கத்திலிருந்து வெளியேறிய ஒருவர் எழுதிய நூல். அவர் உருவகத்தை நாடவில்லை. நாடியிருந்தால் பிழைத்திருப்பாரா என்பது வேறு கதை. பின்னர் இன்னொரு இயக்கத்தால் பிடிக்கப்பட்டவர் உயிரோடு திரும்பவில்லை. நெருப்பு எரியும்போதே எழுதப்பட்ட நூலுக்கு இருக்கும் சூடு ஹைமின் நாவலில் கிடையாது. ஹைமிடம் இருப்பது தூரம், அதனால் வரும் சிரிப்பு. அறிக்கைக் குழுவின் கூட்டங்கள் உண்மையிலேயே சிரிக்க வைக்கின்றன. நம்மிடம் இந்தச் சிரிப்பு இன்னும் வரவில்லை. காயம் ஆறாததால் இருக்கலாம். ஆனால் சிரிப்பு வராத இடத்தில் அறிக்கைகள் மட்டுமே வரும்.

நாவலின் முடிவில் ஏத்தான் மேல் வழக்கு நடக்கிறது. கொன்றால் அறிஞர்களை ஒடுக்குகிறார் என்ற பெயர் வரும் என்று சாலொமோன் யோசிக்கிறார். ஆகவே தீர்ப்பு வேறு மாதிரி: இவன் பேச்சு எவர் காதிலும் விழக்கூடாது, எழுத்து எங்கும் இருக்கக்கூடாது, பெயர் மறக்கப்பட வேண்டும். ‘டோட்ஷ்வைகன்’ என்று இதற்கு ஜெர்மனில் ஒரு சொல் உண்டு, மௌனத்தாலேயே சாகடிப்பது. நாம் இருட்டடிப்பு என்போம். ஏத்தான் பெயரில் ஒரே ஒரு சங்கீதம் மட்டும் எஞ்சுகிறது. விவிலியத்தைத் திறந்தால் 89ஆம் சங்கீதத்தின் தலைப்பில் இன்றும் அந்தப் பெயர் இருக்கிறது, தாவீதின் வம்சத்தைப் புகழும் பாட்டுக்கு மேலே.

ஹைமுக்கும் இப்படித்தான் நடந்தது. தன் அடுத்த நாவல் ஒன்றை அனுமதியின்றி மேற்கில் வெளியிட்டதற்காக 1979இல் 9000 மார்க் அபராதம் விதிக்கப்பட்டது. எழுத்தாளர் சங்கத்திலிருந்தும் நீக்கப்பட்டார். இதுவரை சாவி பொருந்துகிறது. பிறகு சுவர் விழுந்தது. 1994இல் இடதுசாரிக் கட்சியான பி.டி.எஸ். பட்டியலில் நின்று நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். மூத்த உறுப்பினர் என்ற முறையில் நவம்பர் 10ஆம் தேதி தொடக்க உரை நிகழ்த்தினார். ரீட்டா ஸூஸ்முத் ஒருவரைத் தவிர, ஆளும் கிறிஸ்தவ ஜனநாயகவாதிகள் கை தட்டவில்லை. வழக்கமாக அரசின் இதழில் அச்சாகும் அந்த உரை அப்போது அதில் அச்சாகவில்லை. சிறையும் அபராதமும் கிடையாது, வெறும் மௌனம். இரண்டு ஆட்சிகளையும் சமன் என்று சொல்ல நான் வரவில்லை. சாலொமோனின் தீர்ப்பு எந்த ஆட்சிக்கும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

நாவலில் குறைகள் இல்லாமல் இல்லை. மீகாளைத் தவிரப் பெண்கள் ஏத்தானின் மனசாட்சியாகவோ இழப்பாகவோ மட்டுமே வந்து போகிறார்கள். நடுப்பகுதியில் விசாரணைகள் ஒரே அச்சில் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆனால் கடைசிப் பக்கம் எல்லாவற்றையும் ஈடுசெய்துவிடுகிறது. எருசலேமை விட்டு வெளியேறும் ஏத்தான் திரும்பிப் பார்க்கிறான். தாவீதின் நகரத்தைச் சபிக்க நினைக்கிறான், முடியவில்லை. காலை வெளிச்சத்தில் அது அத்தனை அழகாக இருக்கிறது. ஹைமும் கிழக்கு ஜெர்மனியை விட்டுப் போகவில்லை, சோசலிசத்தையும் கைவிடவில்லை. நம் சூழலில் கேள்வி கேட்பவருக்கு ஒரே ஒரு பெயர்தான் உண்டு, துரோகி. நேசிப்பதனால் கேட்கும் ஒருவருக்கு நம்மிடம் இன்னும் சொல் இல்லை. ஏத்தானை நான் அந்தச் சொல்லின் இடத்தில் வைத்துக்கொள்கிறேன்.

இதை எழுத உட்காருவதற்கு முன் அப்பாவைக் கூப்பிட்டு அந்த ஐந்தாவது பெயரைக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. “அப்ப அதுதான் சரின்னு பட்டுது கண்ணு” என்றார். பிறகு பெயரைச் சொன்னார், ஊரையும் சொன்னார். நல்ல பேச்சாளர் என்றார். அந்தப் பெயரை இங்கே எழுதலாம் என்றுதான் நினைத்தேன். அவருடைய வீட்டாரைக் கேட்காமல் எழுத மனம் வரவில்லை, அவர்களை எங்கே தேடுவது என்றும் தெரியவில்லை. ஆக, இந்தக் கட்டுரையிலும் அவர் மற்றும் பலரில் ஒருவராகவே நிற்கிறார்.