'கொள்' என்கிற துணைவினையும் காசநோய்க் கிருமியும்

அம்பத்தூர் எஸ்டேட் டீக்கடையில் ஷிப்ட் முடிந்து வந்த இரண்டு நண்பர்களின் வாக்குவாதம். "மருந்துக்குப் பழகின கிருமி கிருமியாத்தானே இருக்கு? இதுல பரிணாமம் எங்க வந்துச்சு?" என்கிறார் ஒருவர். "சூழலுக்கு ஏத்த மாதிரி அது தன்னை மாத்திக்கிச்சு, அதான் பரிணாமம்" என்கிறார் பகுத்தறிவுத் தோழர். எதிரெதிர் அணிகள்தான், ஆனால் இரண்டுபேருடைய கிருமியும் தானாக ஏதோ செய்கிறது. நம் பாடநூல் தமிழும் இப்படித்தான் பேசப் பழக்கியிருக்கிறது. 'மாற்றிக்கொண்டது' என்பதிலுள்ள 'கொள்' கிருமிக்கு ஒரு விருப்பத்தை, ஒரு தன்னிலையை வழங்கிவிடுகிறது.

நடப்பது வேறு. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம் (இன்று சேத்துப்பட்டிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்), சானடோரியத்தில் படுக்காமல் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் நோய் குணமாகும் என்று 1959இல் காட்டியது. கொடுத்தவை இரண்டு மருந்துகள். ஏன் இரண்டு? நுரையீரல் குழி ஒன்றில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கலாம். அவற்றில் ஏறக்குறைய பத்து லட்சத்துக்கு ஒன்று, ஐசோனியாசிட் உள்ளே வருவதற்கு முன்பே, மரபணுப் பிறழ்வால் அதற்கு அடங்காததாக இருக்கும். ஒரே மருந்து என்றால் மற்றவை சாகும், அது பெருகும். இரண்டுக்கும் ஒருசேர அடங்காதது மிகமிக அபூர்வம். பிறழ்வு தேவையறிந்து வருவதில்லை என்பதை லூரியாவும் டெல்ப்ரூக்கும் 1943இலேயே பாக்டீரியாவில் நிறுவிவிட்டார்கள். எந்தத் தனிக்கிருமியும் 'பழகவில்லை'. கூட்டத்தின் விகிதம் மாறியது. கூட்டுமருந்துச் சிகிச்சையே டார்வினை நம்பித்தான் நடக்கிறது.

முதல் நண்பரின் கேள்வியில் நியாயமும் உண்டு. மனிதனுக்கும் குரங்குக்கும் பொது மூதாதை இருந்ததை இது மட்டுமே நிரூபிக்காது. அதற்குப் புதைபடிவங்களும் ஒப்பு மரபணுக்களும் சாட்சி. பிறழ்வும் தேர்வும் இயங்கும் விதத்தைத்தான் காசநோய் நம் கண்முன் காட்டுகிறது. 2023இல் என்சிஇஆர்டி பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமத்தை நீக்கியபோது மாணவர் இழந்தது இந்தப் புரிதலைத்தான்.

தேர்ந்தெடுப்பது கிருமியல்ல, சூழல் என்றால், சூழலை உண்டாக்கியவர் யார் என்று கேட்டாக வேண்டும். மருந்தை இடையில் விட்டவரை மருத்துவ ஆவணங்கள் நெடுங்காலம் 'டிஃபால்ட்டர்' என்றே எழுதின, கடன் கட்டாதவரைச் சொல்வதுபோல. உலக சுகாதார நிறுவனம் 2013இல்தான் அச்சொல்லைக் கைவிட்டது. ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒருநாள் கூலி போகிற ஒப்பந்தத் தொழிலாளி 'விட்டுவிட்டார்' என்கிறோம். கிருமிக்கு இல்லாத விருப்பத்தைக் கொடுத்த அதே இலக்கணம், அவருக்கு இல்லாத சுதந்திரத்தைக் கொடுத்துக் குற்றவாளியாக்குகிறது. பரிணாமத்தைச் சரியாகச் சொல்லக் கற்பது அவருக்காகவும்தான்.