ஊதாரி மைந்தன் பாட்டும் விடுபட்ட ஒரு பெயரும்

ரோலிங் ஸ்டோன்ஸ் என்னும் ஆங்கில இசைக்குழுவின் பெயரைக் கேட்டதும் பக்தியுள்ள கிறிஸ்தவர் பலரின் நினைவுக்கு வருவது சாத்தான்தான். அதற்குக் காரணம் இல்லாமலில்லை. 1967 டிசம்பரில் வெளியிட்ட இசைத்தட்டின் தலைப்பிலேயே அவர்கள் சாத்தானை இழுத்து வந்தார்கள். அடுத்த ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் வெளிவந்த 'பெக்கர்ஸ் பேங்க்வட்' என்னும் தட்டின் முதற்பாட்டிலோ, சாத்தான் கனவானைப் போலத் தன்னைத்தானே அறிமுகம் செய்துகொள்கிறான். இவ்விரண்டையும் சுட்டிக்காட்டி, அக்குழுவின் இசை முழுவதையும் நரகத்துக்கு அனுப்பிவிட்ட மறையுரைகளுக்குக் குறைவில்லை.

அந்த 'பெக்கர்ஸ் பேங்க்வட்' தட்டைத் திருப்பிப் போட்டுக் கேட்டவர்கள் எத்தனை பேர் என்பது நமக்கு ஐயமே. மறுபக்கத்தில் இரண்டாவதாக ஒலிப்பது லூக்கா நற்செய்தி 15ஆம் அதிகாரத்து ஊதாரி மைந்தனின் கதை. தட்டை முடித்து வைக்கும் பாட்டின் தலைப்போ, மலைப்பொழிவிலிருந்து எடுத்த 'மண்ணுலகின் உப்பு'. சாத்தானின் பெயரைக் கேட்டுப் பதறிய செவிகளுக்கு இயேசுவின் உவமை கேட்கவில்லை என்பது வருந்தத்தக்கது. அதனினும் வருந்தத்தக்கது, அந்த உவமைப் பாட்டில் மறைந்து கிடந்த உண்மையான குற்றம் எவர் கண்ணிலும் படாமற்போனது. அக்குற்றம் பத்துக் கட்டளைகளுள் ஏழாவதைச் சார்ந்தது. இதனை விளக்க, அக்குழு எழுந்த வரலாற்றைச் சற்று நோக்க வேண்டும்.

1961 அக்டோபரில் ஒரு காலை, லண்டனுக்குத் தென்கிழக்கே உள்ள டார்ட்ஃபோர்டு இரயில் நிலையத்தில், சிறுவயதில் ஒரே பள்ளியில் படித்த இரண்டு இளைஞர்கள் எதிர்ப்பட்டார்கள். மிக் ஜாகரின் கையில் சில இசைத்தட்டுகள் இருந்தன. சக் பெரியும் மட்டி வாட்டர்ஸும் பாடியவை. அமெரிக்காவிலிருந்து தபாலில் வரவழைத்தவை. கீத் ரிச்சர்ட்ஸ் அவற்றைப் பார்த்தார், நட்பு புதுப்பிக்கப்பட்டது. பிரையன் ஜோன்ஸ் என்னும் மூன்றாமவர் குழுவைத் திரட்டினார். மட்டி வாட்டர்ஸ் 1950இல் பதிவு செய்த ஒரு பாட்டின் தலைப்பிலிருந்து குழுவுக்குப் பெயர் வந்தது. 1962 ஜூலை 12ஆம் நாள் லண்டன் மார்க்கீ மன்றத்தில் அப்பெயரோடு முதன்முதலாக மேடை ஏறினார்கள். அடுத்த ஜனவரிக்குள் பில் வைமனும் சார்லி வாட்ஸும் வந்து சேர்ந்தார்கள்.

அவர்களுடைய தொடக்கம் சீடர்களின் தொடக்கமாகவே இருந்தது. மிசிசிப்பி பருத்திக் காடுகளிலும் சிக்காகோ நகரிலும் கறுப்பின மக்கள் துயரத்தைக் குரலாக்கிய புளூஸ் இசையை அவர்கள் பாடம் படிப்பதுபோல் படித்தார்கள். 1963 ஜூனில் வெளிவந்த முதல் தட்டு சக் பெரியின் பாட்டு. 1964 ஏப்ரலில் வந்த முதல் நெடுந்தட்டில் ஜாகரும் ரிச்சர்ட்ஸும் தம் பெயரில் இயற்றியது ஒன்றே ஒன்று; ஏனைய பெரும்பாலும் மூத்தோரின் பாட்டுகள். அவ்வாண்டு ஜூனில் சிக்காகோவுக்கே சென்று, மட்டி வாட்டர்ஸ் பதிவு செய்த செஸ் நிறுவனத்தின் கூடத்தில் தாமும் பதிவு செய்தார்கள். வில்லி டிக்சன் எழுதி ஹௌலின் உல்ஃப் பாடிய 'லிட்டில் ரெட் ரூஸ்டர்' பாட்டை அவர்கள் பாட, அது 1964 டிசம்பரில் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. அந்தப் பதிவில் பிரையன் ஜோன்ஸின் கிதாரைக் கேட்போர், அதில் திறமைக் காட்சியைவிட வணக்கமே மிகுந்திருப்பதை உணர்வர்.

இக்குழுவின் நன்றியுணர்வுக்கு ஒரு சான்றும் உண்டு. 1965 மே 20ஆம் நாள் அமெரிக்காவில் 'ஷிண்டிக்' என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாட அழைக்கப்பட்டபோது, ஹௌலின் உல்ஃபும் அதில் இடம்பெற வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். ஐம்பது வயதைக் கடந்த அந்தப் பேருருவம் பாடியபோது, புகழின் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்த இவ்விளைஞர்கள் அவருடைய காலடியில் அமர்ந்து கேட்டார்கள். கறுப்பின மக்களின் வாக்குரிமையைக் காக்கும் சட்டம் அவ்வாண்டு ஆகஸ்டில்தான் கையெழுத்தானது என்பதை எண்ணிப் பார்த்தால், அக்காட்சியின் மதிப்பு விளங்கும்.

எனினும் புகழ் ஏறும்போது யார் யாரோ படியாகிறார்கள். இயன் ஸ்டூவர்ட் என்னும் பியானோ கலைஞர் தொடக்க முதலே குழுவில் இருந்தவர். முகத்தோற்றம் பொருந்தவில்லை என்று 1963இல் புதிய மேலாளர் அவரைக் குழுவிலிருந்து நீக்கினார். அவரோ கோபித்துக்கொண்டு போகாமல், கருவிகளை ஏற்றிய வண்டியை ஓட்டிக்கொண்டும், திரைக்குப் பின்னால் பியானோ வாசித்துக்கொண்டும் 1985இல் இறக்கும்வரை உடனிருந்தார். இதனை நாம் குழுவின் நற்சான்றாகவும் கொள்ளலாம், குறையாகவும் கொள்ளலாம்.

இனி அந்த உவமைப் பாட்டுக்கு வருவோம். இராபர்ட் உல்கின்ஸ் 1896இல் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தவர். 1928இலேயே 'ரோலிங் ஸ்டோன்' என்னும் தலைப்பில் ஒரு புளூஸ் பதிவு செய்திருந்தார் என்பது சுவையான ஒற்றுமை. 1929இல் அவர் பதிவு செய்த மற்றொரு பாட்டில், பெண்களால் அலைக்கழிக்கப்பட்ட ஓர் ஏழை மகன் தாயிடம் முறையிடுகிறான். வாழும் வழி இதுவன்று என்பது அதன் பல்லவி. 1930களில் உல்கின்ஸ் புளூஸைத் துறந்தார். பின்னர் பெந்தகோஸ்து சபை ஒன்றின் போதகரானார். பல்லாண்டுகள் கழித்து, 1964இல், இசை ஆர்வலர்கள் அவரை மெம்பிஸ் நகரில் தேடிக் கண்டுபிடித்தபோது, பழைய புளூஸ் பாட்டுகளைப் பாட அவர் உடன்படவில்லை. மெட்டு வேண்டுமானால் பழையதாக இருக்கட்டும், சொல் ஆண்டவருடையதாக இருக்கும் என்றபடி, பழைய பாட்டின் மேல் ஊதாரி மைந்தனின் கதையை ஏற்றிப் பாடினார். முறையிட்ட மகன் திரும்பி வரும் மகனானான். மனமாற்றம் என்று நாம் மறைக்கல்வியில் சொல்வதை ஒரு மெட்டு அடைந்ததை வேறெங்கும் நாம் கேட்டதில்லை.

அவர் பாடிய பதிவு ஏறத்தாழ பத்து நிமிடம் நீள்கிறது. அவசரமே இல்லை. கிதார் ஒரே தாளத்தில் நடந்துகொண்டே இருக்க, மகனும் அதனோடு வீடு நோக்கி நடக்கிறான். ரோலிங் ஸ்டோன்ஸ் அதனை மூன்று நிமிடத்துக்குள் அடக்கினார்கள். ரிச்சர்ட்ஸின் கிதாரில் உண்மை இருக்கிறது; குறை சொல்வதற்கில்லை. ஜாகரோ, அமெரிக்கத் தென்மாநிலத்து முதியவரின் நாவசைவை வரவழைத்துப் பாடுகிறார். குரல் வேடம் அணிந்திருக்கிறது. தந்தையின் விருந்தோடு பாட்டு முடிந்துவிடுகிறது. வீட்டிலிருந்து உழைத்த மூத்த மகனின் முறையீடு அதில் இல்லை.

அந்த முறையீட்டுக்குத் தட்டிலேயே இடமிருந்தது. முதலில் அச்சான தட்டுகளில் அப்பாட்டை இயற்றியோர் ஜாகரும் ரிச்சர்ட்ஸும் என்றே குறிக்கப்பட்டிருந்தது. உயிரோடிருந்த, ஊழியம் செய்துகொண்டிருந்த போதகரின் பெயர் இல்லை. பிந்திய பதிப்புகளில்தான் அது இடம்பெற்றது.

புளூஸ் உலகில் பாட்டுகள் கைமாறுவது இயல்பு. அதனைத் திருட்டு என்று சொன்னால் உல்கின்ஸின் தலைமுறையினரே சிரிப்பார்கள். மறையுரை ஆற்றும் நாமும் பிறர் விளக்கங்களைப் பெயர் சொல்லாமல் எடுத்தாளுகிறவர்களே. ஆனால் தட்டின் நடுவே ஒட்டிய காகிதத்தில் அச்சாகும் பெயர் வேறு வகையானது. விற்கும் ஒவ்வொரு தட்டுக்கும் உரிமைத்தொகை யார் வீட்டுக்குப் போகும் என்பதை அது தீர்மானிக்கிறது. அங்கே பெயர் விடுபடுவது ஏழையின் கூலி விடுபடுவதாகும். அறநெறி இறையியல் இதில் தெளிவாயிருக்கிறது: மனம் வருந்தினால் மட்டும் போதாது, எடுத்ததைத் திருப்பித் தரவும் வேண்டும். சக்கேயு ஆண்டவரைத் தம் வீட்டில் வரவேற்றதோடு நில்லாமல் கணக்கையும் தீர்த்தார்.

கணக்குத் தீர்ப்பதில் இக்குழுவினர் செய்த ஒரு செயலையும் சொல்லியாக வேண்டும். 1965இல் ஜாகர், ரிச்சர்ட்ஸ் பெயரில் வெளிவந்த 'தி லாஸ்ட் டைம்' பாட்டின் பல்லவி, ஸ்டேபிள் சிங்கர்ஸ் என்னும் கறுப்பினக் குடும்பத்தார் பாடிய ஆன்மிகப் பாட்டைத் தழுவியது. ரிச்சர்ட்ஸே அதை ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்தப் பாட்டின் வாத்திய இசை வடிவத்திலிருந்து ஒரு பகுதியை 'தி வெர்வ்' என்னும் ஆங்கிலக் குழு 1997இல் தன் பாட்டு ஒன்றில் பயன்படுத்த, அப்புதிய பாட்டின் உரிமை முழுவதும் ஜாகர், ரிச்சர்ட்ஸ் பெயருக்கே போய்விட்டது. சொற்களை எழுதிய ரிச்சர்ட் ஆஷ்கிராஃப்ட் இருபதாண்டுகளுக்கும் மேல் வெறுங்கையோடு இருந்தார். 2019இல் இருவரும் அவ்வுரிமையை அவருக்கே விட்டுக்கொடுத்தார்கள். எந்த நீதிமன்றமும் கட்டாயப்படுத்தாத நிலையில், முதுமையில் செய்த அச்செயலைப் பாராட்டுகிறோம்.

ஆஷ்கிராஃப்டிடம் பாட்டு திரும்பியது. 'தி லாஸ்ட் டைம்' தட்டிலோ இன்றும் இரண்டு பெயர்களே இருக்கின்றன. 1987இல் மெம்பிஸ் நகரில் கண்மூடிய போதகர் உல்கின்ஸின் அந்தப் பத்து நிமிடப் பதிவு இன்று எளிதில் கிடைக்கிறது. தவக்காலத்தில் ஒரு மாலை அதனைக் கேட்டுவிட்டு, பிறகு மற்றதைக் கேட்குமாறு வாசகர்களை வேண்டுகிறோம்.