பீட்டில்ஸ் வாசிக்காத பீட்டில்ஸ்

பிரபலமான ஒரு குழுவின் பாடல்களை அச்சு அசலாக மேடையேற்றுவதையே தொழிலாகக் கொண்ட ட்ரிபியூட் குழுக்களில் மூத்தவற்றுள் ஒன்று 'பூட்லெக் பீட்டில்ஸ்'. லண்டனில் நடந்த 'பீட்டில்மேனியா' இசை நாடகத்தில் நடித்தவர்கள் 1980-இல் சேர்ந்து தொடங்கிய குழு இது. 1871-இல் திறக்கப்பட்ட ராயல் ஆல்பர்ட் ஹாலிலும் ஆர்கெஸ்ட்ராவோடு வாசித்திருக்கிறது. அசல் பீட்டில்ஸ் 1963-இல் இருமுறை ஏறிய மேடை அது. இதை வெறும் நகல் வியாபாரம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் பாதிதான் சரி. இந்தக் குழுக்கள் காதுக்குத் தருவது பெரிய கொடை. கோளாறெல்லாம் கண்ணுக்குத் தருவதில்தான்.

பீட்டில்ஸின் கடைசிக் கட்டணக் கச்சேரி 1966 ஆகஸ்ட் 29 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடந்தது. அரை மணி நேரம், 11 பாடல்கள். அதே மாதம் வெளியான 'ரிவால்வர்' ஆல்பத்திலிருந்து ஒரு பாடல்கூட அதில் இல்லை. ரசிகர்களின் கூச்சலில் தாங்கள் வாசிப்பது அவர்களுக்கே கேட்கவில்லை. அவர்களுடைய ஆகச் சிறந்த படைப்புகள் அதன் பிறகே ஸ்டுடியோவில் பிறந்தன. 'எ டே இன் தி லைஃப்' பாடலுக்காக 1967-இல் 40 கலைஞர்களை வரவழைத்த தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின், தத்தம் வாத்தியத்தின் கீழ்ச் சுரத்தில் தொடங்கி, பக்கத்திலிருப்பவரைப் பின்பற்றாமல், அவரவர் போக்கில் உச்சத்துக்கு ஏறச் சொன்னார். சேர்ந்து வாசிப்பதற்கென்றே பயின்றவர்களைப் பிரிந்து வாசிக்கச் சொன்ன அந்த இடத்தைப் பீட்டில்ஸ் நால்வரும் சேர்ந்து ஒருநாளும் மேடையேற்றியதில்லை. வீட்டில் இசைத்தட்டு இருக்கும்போது நகல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். வயலின் வில்கள் ஒன்றோடொன்று சேராமல் ஏறுவதை இந்தக் குழுக்களின் மேடையில் நேரில் பார்க்கும்போதுதான் அது எவ்வளவு துணிச்சலான யோசனை என்பது விளங்கும்.

இத்தனை உழைப்புக்கு மேல் விக் எதற்கு? காலர் இல்லாத கோட்டும், பாடல்களுக்கு இடையே லிவர்பூல் பேச்சுவழக்கில் வேடிக்கைப் பேச்சும், பால் மெக்கார்ட்னியைப் போலத் தெரிய இடக்கையால் பேஸ் கிட்டார் பழகுவதும் எதற்கு? வேடம் இல்லையென்றால் டிக்கெட் விற்காது என்பார்கள். ஆனால் அதே ராயல் ஆல்பர்ட் ஹாலில் 1941 முதல் நடக்கும் ப்ராம்ஸ் இசை விழாவில் பீத்தோவனை வாசிக்கும் யாரும் பீத்தோவனாக வேடமிட்டு வருவதில்லை, கூட்டம் குறையவுமில்லை. வேடம் போட்டதுமே பாடகர் இன்னொருவரின் குரலுக்குள் அடைபட்டுவிடுகிறார். பாட்டுக்குத் தன் பங்காக எதையும் சேர்க்கும் உரிமை அவருக்குப் போய்விடுகிறது. 'அதே மேடையில், அன்று போலவே' என்ற ஆசையும் நிறைவேறாது. எதிரொலியைக் கட்டுப்படுத்தக் குவிமாடத்தின் கீழ் கண்ணாடியிழைத் தட்டுகள் தொங்கவிடப்பட்டது 1969-இல்தான். 1963-இல் அந்த ஹாலில் ஒலித்த விதம் இனி யாருக்கும் கிடைக்கப்போவதில்லை.

ட்ரிபியூட் குழுக்களால் புதிய குழுக்களுக்கு அரங்குகளில் தேதி கிடைப்பதில்லை என்ற குற்றச்சாட்டில் நியாயம் இருந்தாலும், பழைய அரங்குகளைக் காப்பாற்றுவதில் நிறைந்த இருக்கைகளுக்கும் பங்குண்டு. எனக்கு உறுத்துவது பணத்தின் பாதை. பிரிட்டனில் இத்தகைய கச்சேரிகளின் டிக்கெட் வசூலில் 2018 முதல் 4.2 சதவீதம் பாடல்களை எழுதியவர்களுக்கென்று வசூலிக்கப்படுகிறது. ஆனால் சுரம் பிசகாமல் நகலெடுக்கப்படுவது எழுதியவரின் மெட்டு மட்டுமல்ல. 'பென்னி லேன்' பாடலில் டேவிட் மேசன் வாசித்த பிக்கோலோ டிரம்பெட், ரிங்கோவின் டிரம்ஸ், மார்ட்டினின் தந்தி வாத்தியக் கோர்வை எல்லாமே நகலாகின்றன. வாசிப்புக்கும் கோர்வைக்கும் இந்தத் தொகையில் பங்கில்லை. சட்டம் கேட்காவிட்டாலும் நன்றி கேட்கிறது. அந்தப் பெயர்களை நிகழ்ச்சி ஏட்டில் அச்சிடுங்கள். இரண்டாம் பாதியிலாவது விக்கைக் கழற்றிவிட்டு உங்கள் முகத்தோடு வாசியுங்கள்.