இலக்கணத்தில் தொலைந்த கதை
‘கஸஸுன் நபிய்யீன்’ – ஒரு மறுவாசிப்பு

திருக்குர்ஆன் வரலாறுகளை எடுத்துரைக்கிறது. எதற்காக எடுத்துரைக்கிறது என்பதையும் அதுவே தெளிவுபடுத்திவிடுகிறது. நபி (ஸல்) அவர்களின் உள்ளத்தை உறுதிப்படுத்தவே முந்தைய தூதர்களின் செய்திகள் கூறப்படுவதாக ஹூத் அத்தியாயம் (11:120) சொல்கிறது. மக்கள் சிந்திக்கும் பொருட்டு வரலாறுகளைக் கூறுமாறு அஃராஃப் அத்தியாயம் (7:176) பணிக்கிறது. உள்ளத்தின் உறுதி, சிந்தனையின் விழிப்பு ஆகிய இவ்விரண்டுமே வளரும் பிள்ளைக்கு முதன்மைத் தேவைகள். ஆகவேதான் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா’வில் குழந்தை வளர்ப்பைப் பற்றி எழுதுங்கால், குர்ஆனோடும் நபிமொழிகளோடும் நல்லோர் கதைகளையும் மக்தபின் பாடங்களில் சேர்த்தார்கள். நல்லோர் மீதான நேசம் பிஞ்சு உள்ளத்தில் கதைவழியே வேரூன்றும் என்பது அவர்களது கருத்து.

இக்கருத்துக்கு நம் காலத்தில் உருக்கொடுத்த நூல் மவ்லானா ஸய்யித் அபுல் ஹஸன் அலீ நத்வி (1914–1999) அவர்களின் ‘கஸஸுன் நபிய்யீன் லில் அத்ஃபால்’ ஆகும். ஐந்து பாகங்களைக் கொண்ட இவ்வரபு நூலின் தொடக்கம் 1940களைச் சேர்ந்தது. நூலின் முன்னுரை ஒரு கடிதம். அது எழுதப்பட்டது ஆசிரியரின் தமையனார் மகனுக்கு. சிறுவன் கதைகளை ஆவலோடு தேடிப் படிக்கிறான். ஆனால் அவன் கைக்குக் கிட்டுபவையெல்லாம் விலங்குக் கதைகளாகவே இருக்கின்றன. சிறிய தந்தையார் வருந்துகிறார், தாமே எழுத முனைகிறார். அச்சிறுவர்தாம் பின்னாளில், 1955இல், ‘அல்பஃஸுல் இஸ்லாமீ’ என்னும் அரபு இதழைத் தொடங்கிய முஹம்மத் அல்ஹஸனி. ஒரு குழந்தையின் கதைப்பசியை மூத்தவர் ஒருவர் பொருட்படுத்தியதால் விளைந்த பயனுக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

நூலின் சிறப்பு அதன் நடையில் இருக்கிறது. இப்ராஹீம் (அலை) அவர்களின் கதை, சிலை விற்கும் ஆஸரிடமிருந்து தொடங்குகிறது. வாக்கியங்கள் மிகச் சிறியவை. அறிமுகமான சொற்களே மீண்டும் மீண்டும் வருகின்றன. குழந்தைகள் பேசும்போது சொன்னதையே திரும்பச் சொல்வர் அல்லவா? அவ்வியல்பையே ஆசிரியர் வேண்டுமென்றே கைக்கொண்டார். பேசாத, கேட்காத, உண்ணாத இவற்றை ஏன் வணங்குகிறீர்கள் என மகன் தந்தையைக் கேட்கிறார். தந்தைக்குக் கோபம் வருகிறதே தவிர விடை வரவில்லை. படிக்கும் குழந்தை அவ்விடையைத் தானே தேடத் தொடங்குகிறது. ஏகத்துவத்தை வரையறையாகச் சொல்லாமல், கேள்வி கேட்கும் ஓர் இளைஞராகக் கண்முன் நிறுத்தியதே நத்வி அவர்களின் வெற்றி. இடையிடையே திருவசனங்களின் சொற்களும் கதையோடு இழைந்து வருகின்றன. பின்னாளில் அவ்வசனத்தை ஓதும் மாணவன் அதைப் பழகிய முகமாகவே காண்கிறான்.

எகிப்தின் ஸய்யித் குதுப் தாமும் சிறுவர்க்கான சமயக் கதை வரிசையொன்றில் பங்குகொண்டவர். ஆயினும் மூஸா (அலை) அவர்களின் கதையைக் கூறும் மூன்றாம் பாகத்துக்கு எழுதிய முன்னுரையில், நத்வியின் ஆக்கமே அவையெல்லாவற்றினும் நிறைவானது என அவர் மனமுவந்து ஏற்றார்.

எனினும் இரண்டு இடங்களில் இந்நூலோடு நாம் மாறுபட இடமுண்டு. விலங்குக் கதைகள் மீது ஆசிரியர் காட்டும் மனக்குறை முழுமையும் ஏற்கத்தக்கதன்று. ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ அரபுக்குக் கொணர்ந்த ‘கலீலா வ திம்னா’, பஞ்சதந்திரத்தின் வழிவந்தது. இளையோரை ஈர்க்கவே விலங்குகள் பேசுகின்றன என அவரே தம் முன்னுரையில் விளக்குகிறார். திருக்குர்ஆனிலேயே எறும்பு எச்சரிக்கிறது, ஹுத்ஹுத் பறவை செய்தி கொணர்கிறது, காகம் மனிதனுக்கு அடக்கம் செய்யக் கற்பிக்கிறது. குறை விலங்கினிடத்தில் இல்லை; விலங்கைத் தவிர வேறெதுவும் குழந்தைக்குக் கிட்டாமையே குறை. அடுத்து, நபி (ஸல்) அவர்களின் வாழ்வைக் கூறும் ஐந்தாம் பாகத்தில் வரலாற்று நடை மேலோங்கிக் கதையின் நெருக்கம் தளர்கிறது. முதற்பாகத்தைச் சுவைத்த குழந்தைக்கு அது எட்டாது.

நூலின் குறைகளைவிட, நாம் அதனைக் கையாளும் முறையே கவலைக்குரியது. நம் அரபிக் கல்லூரிகள் பலவற்றில் இது தொடக்க வகுப்பின் பாடநூல். சொல்லுக்குச் சொல் பொருள் எழுதுகிறோம். வினைச்சொல்லின் ஸர்ஃபைக் கேட்கிறோம். ஒவ்வொரு சொல்லுக்கும் இஃராப் சொல்லச் செய்கிறோம். இப்ராஹீம் (அலை) கோடரியைக் கையில் எடுத்து நிற்கும்போது மணி அடித்துவிடுகிறது. மறுநாள் பாடம் அக்கோடரி எழுவாயா, செயப்படுபொருளா என்பதில் தொடங்குகிறது. நஹ்வும் ஸர்ஃபும் இன்றியமையாதவை என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் செலவானால், கதை மாணவன் நெஞ்சில் நிற்பதற்கு வழியில்லை. கதைக்காக எழுதப்பட்ட நூலை இலக்கணப் பயிற்சியாக மட்டும் சுருக்குவது அதன் ஆசிரியருக்கும் மாணவனுக்கும் ஒருசேர இழைக்கும் அநீதி.

நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். தமிழ் முஸ்லிம்கள் கிஸ்ஸா, மஸலா எனத் தனி இலக்கிய வகைகளையே வளர்த்தனர். வினாவும் விடுகதையுமாக அமைந்த ‘நூறு மஸலா’, மார்க்கச் செய்திகளைக் கதைச்சுவையோடு வழங்கியது. அந்நூல்களின் செய்திகள் அனைத்தும் ஆதாரபூர்வமானவை அல்ல என்பது உண்மையே. ஆதாரமற்றவற்றை விலக்கிய நாம், அவற்றோடு சேர்த்துக் கதை சொல்லும் வழக்கத்தையும் கைவிட்டோம். வெற்றிடம் வெற்றிடமாகவே நீடிப்பதில்லை. இன்று அவ்விடத்தைக் கைப்பேசித் திரை நிரப்பிக்கொண்டிருக்கிறது.

செய்யவேண்டியது பெரிதன்று. வகுப்பில் முதல் நாள் கதை முழுவதையும் ஆசிரியர் தமிழில் சொல்லட்டும். அதன் பிறகு சொல்லையும் இலக்கணத்தையும் எடுத்துக்கொள்ளலாம். முடிவை அறிந்த மாணவன் அரபு மூலத்தை ஆர்வத்தோடு அணுகுவான். அரபு பயிலாத பிள்ளைகளுக்காக, மொழிபெயர்ப்பு வாடை வீசாத, இனிய தமிழில் நபிமார்களின் கதைகள் எழுதப்பட வேண்டும். சிறுவர்க்கு எழுதுவதைத் தம் தகுதிக்குக் குறைவாகக் கருதும் ஆலிம்கள், நத்வி அவர்கள் ஒரு சிறுவனுக்கு எழுதிய அக்கடிதத்தை இன்னொரு முறை படித்துப் பார்க்கட்டும்.