பூநகரிக் கோட்டையை ரசிப்பது எப்படி?

மலைமுகடுகளில் நிற்கும் ஜெர்மானியக் கோட்டைகளைப் படங்களிலே கண்டு பழகிய கண்ணோடு, பரந்தன் வழியாகப் பூநகரிக்கு வந்து இறங்கும் பிரயாணி, சிதைந்த தாழ்மதில்களைப் பார்த்து, இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று மனஞ்சோர்வது இயல்பே. ஆனால் வார்ட்பர்க் போன்ற கோட்டைகள் குன்றின் உச்சியில் நின்று ஆணை செலுத்தியவை. குன்று என்பதையே அறியாத இப்பிரதேசத்திலோ, வழியைக் காப்பவனே வலியவன். ஆகையால் பூநகரிக் கோட்டையை அதன் உயரத்தைக் கொண்டு மதிப்பிடாமல், அது காத்து நின்ற வழியைக் கொண்டே மதிப்பிட வேண்டும்.

ரசனையின் முதற்படி, கோட்டைக்குள் நுழையுமுன் சங்குப்பிட்டிக்குச் செல்வது. அங்கே பரவைக்கடலின் குறுக்கே 2011 இல் திறக்கப்பட்ட பாலத்தில் நின்று, ஒருபுறம் யாழ்ப்பாணக் குடாநாட்டையும் மறுபுறம் வன்னிப் பெருநிலத்தையும் நோக்குவோர்க்கு, 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், தாம் வென்ற நாட்டைப் பாதுகாக்கப் பரவைக்கடலின் இக்கரையிலும் ஓர் அரண் வேண்டுமென்று கருதியதன் காரணம் சொல்லாமலே விளங்கும்.

அடுத்து, கோட்டையின் அமைப்பை மனத்திலே வரைந்து பாருங்கள். போர்த்துக்கேயர் கட்ட, அவர்களுக்குப் பின் வந்த ஒல்லாந்தர் 1770 அளவில் விஸ்தரித்த இக்கோட்டை, பக்கம் ஏறக்குறைய 30 மீற்றர் நீளமான ஒரு சதுரம். அதன் நான்கு மூலைகளில், எதிரெதிரான இரண்டில் மாத்திரமே கொத்தளங்கள் உண்டு. ஒரு கொத்தளத்தின் இடத்தில் நின்று இருபுறமும் நோக்கினால், அங்கிருந்து விரியும் இரண்டு மதில்களின் வெளிமுகமும் பார்வைக்குள் அடங்குவதையும், எஞ்சிய இரண்டையும் எதிர்மூலைக் கொத்தளம் கவனித்துக் கொள்வதையும் உணர்வீர்கள். சிறு படையைக் கொண்டு நாற்புறமும் காத்த அந்த யுக்தியே இக்கோட்டையின் அழகு.

பின்பு மதிலை நெருங்கி, முருகைக்கல்லின் மேனியில் கடலுயிர்கள் விட்டுச்சென்ற நுண்துளைகளை உற்று நோக்குங்கள். மலையில்லாத நாட்டார்க்குக் கடலே கற்சுரங்கமாயிற்று.

காலம் இங்கே படை படையாகப் படிந்திருக்கின்றது. ஆங்கிலேயர் 1805 இல் இங்கு ஒரு தங்குமடம் அமைத்தனர். நம் காலத்து யுத்தத்தில் பூநகரி மீண்டும் இராணுவ நிலையாகி, 1993 நவம்பரில் பெருஞ்சமர் ஒன்றைக் கண்டது. பறங்கியர் காலத்துச் சிதைவை மட்டும் சரித்திரமென்று போற்றி, அண்மைக் காலத்துக் காயத்தைக் காணாததுபோற் கடந்து செல்வது நேர்மையான ரசனை ஆகாது. இரண்டும் ஒரே வழிக்காக நேர்ந்தவை. அயலிலே வாழும் முதியோரிடம் பணிவோடு கேளுங்கள். அவர்கள் சொல்ல விரும்பாததைத் துருவாதீர்கள்.

செல்வதற்கு உகந்த காலம் தை, மாசி. மாரி ஓய்ந்து, பூநகரியின் பெயர்பெற்ற மொட்டைக்கறுப்பன் நெல் விளைந்து கிடக்கும் வேளையில், காலையிலோ மாலையிலோ செல்லுங்கள். மதிலின் மீது ஏறாமலும், கல்லொன்றையும் பெயர்க்காமலும், பிள்ளைகளையும் உடனழைத்துச் செல்லுங்கள். பிறர் நம்மை அடக்கக் கட்டிய கோட்டையேயாயினும், அதற்குக் கல் சுமந்த மண்ணும் அதனால் துன்புற்ற மக்களும் நம்முடையவர்கள். ஆதலால் அதன் சரித்திரத்தைக் கற்றுக் காக்கும் கடமையும் நம்முடையதே.