அரங்கத்து மதிலில் ஒரு தாள்

மறைந்து தாக்கும் மறவர் என்றதும் சப்பானின் நிஞ்சாவை நினைக்கும் இளைஞர்காள்! திருச்சிக் கோட்டையையும் திருவரங்கம் கோயில் மதிலையும் நீவிர் கண்டதில்லையா? 1801 சூன் 16ஆம் நாளிட்ட சின்ன மருதுவின் அறிக்கை, கும்பினிப் படையின் மூக்கிற்குக் கீழே அவ்விரண்டு இடங்களிலும் ஒட்டப்பட்டது.

அந்த மறவர்களின் போர்முறை எளிதன்று. சிறுவயலிலிருந்து காளையார்கோயிலுக்குக் காடு வெட்டிய கர்னல் அக்னியூவின் படை, ஒரு திங்கள் வெட்டியும் வழிகாணாது திரும்பிற்று. இன்றைய கமாண்டோப் படை இவர்களிடமிருந்து பிறந்ததென்று கதை கட்ட வேண்டா. அது நமக்கு ஆகாத பழக்கம். ஆனால், 1940இல் பிரிட்டன் தன் சிறப்புப் படைக்குச் சூட்டிய பெயர், தன்னை எதிர்த்த போயர்களின் சொல்! போயருக்குப் புகழ், மருதிருவருக்கு அதே 1801 அக்டோபர் 24இல் திருப்பத்தூரில் தூக்கு.

அறிக்கையின் எழுத்தையும் ஆராய்வோம். வெள்ளையனிடம் ஊதியம் பெற்ற சிப்பாயையும் அறைகூவி அழைக்கும் அதன் துணிவு பெரிது. எனினும், அழைக்கும் வரிசை என்ன? பார்ப்பனர், சத்திரியர், வைசியர், சூத்திரர், முசல்மான்! தாளைப் படியெடுத்துப் பரப்பாதவனுக்குக் கங்கைக்கரையில் பசுவைக் கொன்ற பாவமாம்! பீரங்கிக்கு அஞ்சாத நெஞ்சம் மனுவின் வரிசைக்குப் பணிந்தது. சூத்திரன் ஏந்திய வாள், சூத்திரன் என்னும் சொல்லை வெட்டவில்லை.

மருதுவுக்கு மாலை சூட்டும் மேடைகளில் இப்பகுதியையும் படித்துக் காட்டுங்கள், தோழர்களே!